இங்கிலீஷ் பாடமா? இங்கிலீஷ் மந்திரமா?

இங்கிலீஷ் வேண்டுமா வேண்டாமா என்கின்ற தர்க்கம் நம் நாட்டில் ஒருவாறு முடிந்துவிட்டது. கரும்பு வெட்டப் போகின்றவரும், கொத்து வேலை செய்கின்றவரும் தம் பிள்ளை நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் தேவலை என்றே நினைக்கின்றார்கள். இந்த ஆசை தப்பென்று நாம் ஒருக்காலும் சொல்ல வரவில்லை. ஆனால், அந்த இங்கிலீஷைச் சொல்லிக் கொடுக்கின்ற உபாத்தியாயர் மறுநாள் பாடத்துக்கு என்ன தயார் செய்துகொள்ளுகின்றார், எதை யோசித்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைகின்றார் என்பதைப் பற்றி மாத்திரம் பெற்றோர்களாவது, ஊர்ப் பெரியவர்களாவது, மேலதிகாரிகளாவது கவலைப்படுவதாகத் தெரியவில்லை. கட்டடம் இருக்கின்றதா, பெஞ்சு இருக்கின்றதா, ரிசல்ட் எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நம் கவலை தீர்ந்து போகின்றது. சமைக்கின்றவர் அரிசியில் கல் பொறுக்கினாரா என்று பாராமல் பாத்திரம் பளபளவென்று இருக்கின்றதா என்று பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

விக்கிரவாண்டியை எடுத்துக்கொள்ளுவோம். நம் வாசகர்களில் அநேகர் அந்த ஊரைப் பஸ்ஸிலோ ரயிலிலோ தாண்டிப் போயிருப்பார்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாய் விழுப்புரம் போகின்ற பெரிய ரோட்டிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் ரோடு பிரிகின்ற இடம் அது. சுங்கச்சாவடியில் கார்கள் வரிசையாய் நிற்கும். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை. அந்த ஊர்ப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வார்த்தையே தெரியாது என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். பஸ், டிக்கட், லாரி, லோடு, டோல்கேட், போன், ரீசார்ஜ், ஆப்பரேஷன் என்று நூற்றுக்கணக்கான வார்த்தைகள் அவன் வாயில் தாராளமாய் இருக்கின்றன. ஆனால் ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியத்தை ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் காரியார்த்தமாய்ச் சொல்லுவதை அவன் பள்ளிக்கூடத்துக்கு வெளியே கேட்பது வெகு அபூர்வம். கையில் போன் இருக்கின்றதே என்பார்கள். போனில் அவனுக்கு வேண்டிய சினிமாவும் வேடிக்கையும் தமிழிலேயே வருகின்றபோது அவன் எதற்காக இங்கிலீஷைத் தேடிப் போகவேண்டும்?

சென்னையில் தகப்பனாரும் தாயாரும் இங்கிலீஷில் பேசிக்கொள்ளுகின்ற வீட்டுப் பிள்ளைக்கு, வகுப்பில் வாத்தியார் தூங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. பாடம் வீட்டுக் கூடத்திலேயே நடந்துவிடும். விக்கிரவாண்டிப் பிள்ளைக்கோ அந்த நாற்பது நிமிஷந்தான் இங்கிலீஷ் தேசம். அந்த நாற்பது நிமிஷத்தை வீணாக்கினால் அதை ஈடு செய்ய அவனுக்கு வேறு இடம் கிடையாது.

இப்பேர்ப்பட்ட நாற்பது நிமிஷத்துக்கு என்ன தயாரிப்பு நடக்கின்றது என்று பார்த்தால், 'பாடக் குறிப்பு' என்று ஒரு நோட்டு இருக்கின்றது. அதை எழுதி ஹெட்மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். எல்லா உபாத்தியாயர்களையும் நாம் சொல்லவில்லை. மனசாட்சியோடு ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதுகின்றவர்களும் உபாத்தியாயினிகளும் இருக்கின்றார்கள். ஆனால் போன வருஷத்து நோட்டைப் பார்த்து இந்த வருஷத்து நோட்டில் எழுதுவதும், அச்சுப் போட்ட கைடைப் பார்த்து இரண்டையும் எழுதுவதும் ஊரறிந்த சங்கதி. பிள்ளைகள் மாறிவிட்டார்கள், குறிப்பு மாறவில்லை. பரிசோதிக்க வருகின்ற அதிகாரியும் நோட்டு இருக்கின்றதா, தேதி சரியா, கையெழுத்து விழுந்திருக்கின்றதா என்று பார்த்துவிட்டுப் போகின்றார். இந்தப் பாடம் இந்தப் பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் விளங்காமல் போகும் என்று அந்த நோட்டில் ஒரு வரியாவது இருக்கின்றதா என்று எத்தனை பேர் தேடுகின்றார்கள்?

இந்தக் குறிப்புக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1841-ம் வருஷத்தில் காலஞ்சென்ற ஹெர்பார்ட் என்கின்ற ஜெர்மானிய அறிஞர், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதோடு முடிச்சுப் போட்டால்தான் புது விஷயம் மனதில் நிற்கும் என்று சொன்னார். யாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய நியாயம். அவருக்குப் பின்வந்த சிஷ்யர்கள் அதை ஐந்து படியாக்கினார்கள்: ஆயத்தம், எடுத்துச் சொல்லுதல், ஒப்பிடுதல், பொதுவிதி காணுதல், பிரயோகம். உபாத்தியாயர் பயிற்சிக் காலேஜுகள் வழியாய் அந்த ஐந்தும் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தன. வந்தது முதல், யோசனை போய்விட்டது, தலைப்பு மாத்திரம் நின்றுவிட்டது. பஞ்சாங்கத்துக்கும் ஐந்து அங்கம், பாடக் குறிப்புக்கும் ஐந்து அங்கம்! பஞ்சாங்கமாவது வருஷத்துக்கு வருஷம் புதிதாய்க் கணித்து எழுதப்படுகின்றது.

இந்தப்படி தயாராகின்ற பாடத்தின் பலன் என்ன? வாத்தியார் வாக்கியத்தைச் சொல்லுகின்றார், பிள்ளைகள் திருப்பிச் சொல்லுகின்றார்கள். கேள்விக்குப் பதில் போர்டில் எழுதப்படுகின்றது, நோட்டில் இறங்குகின்றது, நோட்டிலிருந்து தலைக்கு ஏறுகின்றது, பரீக்ஷைத் தாளில் கொட்டப்படுகின்றது, அதோடு தீர்ந்தது. 'என் தாயார்' என்று ஒரு பக்கம் கட்டுரை எழுதி நல்ல மார்க்கு வாங்குகின்ற பெண்ணிடம், உன் தாயார் இன்று எங்கே வேலைக்குப் போயிருக்கின்றார் என்று இங்கிலீஷில் கேட்டுப் பாருங்கள். அவள் விழிப்பாள். கட்டுரையில் வருகின்ற தாயார் அவள் தாயார் அல்ல. கைடு போட்டவருடைய தாயார்! அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுகின்றவரையும், அர்த்தம் தெரியாமல் கைகூப்பிக் கேட்கின்றவரையும் பார்த்துச் சிரிக்கின்ற நாம், நம் பிள்ளைகள் பத்து வருஷம் அதே காரியத்தைச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கின்றோம். அங்கே தட்சணை, இங்கே மார்க்கு.

நிற்க, அப்படியானால் தயாரிப்பு என்பது என்ன என்று கேட்கலாம். நம் பிள்ளை தமிழ்ப் பிள்ளை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுவதிலிருந்து அது ஆரம்பமாகின்றது. "இது பசு" என்று தமிழில் இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகின்றோம். இங்கிலீஷ்காரனுக்கோ "திஸ் இஸ் எ கௌ" என்று நாலு வார்த்தை வேண்டியிருக்கின்றது. ஆகவே நம் பிள்ளை "திஸ் கௌ" என்று சொன்னால் அவன் முட்டாள் அல்ல. தன் பாஷையின் நியாயப்படி மிகச் சரியாகவே சொல்லுகின்றான். ருஷியர்களும் தங்கள் பாஷையில் அப்படித்தான் சொல்லுகின்றார்கள். இது முன்கூட்டித் தெரிந்த உபாத்தியாயர், நடுவில் அந்தச் சின்ன வார்த்தை விழுந்து விழுந்து வரும்படியாய்ப் பத்து வாக்கியம் தயார் செய்துகொண்டு போவார். தெரியாதவர் பிள்ளையைப் பார்த்து, "மண்டையில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்.

"போகிறேன்" என்கின்ற ஒரு வார்த்தையைப் பாருங்கள். தினம் பள்ளிக்கூடம் போகிறேன் என்றாலும், இதோ இப்போது போய்க்கொண்டிருக்கையில் போகிறேன் என்றாலும், நாளைக்கு மெட்ராஸ் போகிறேன் என்றாலும் நமக்கு ஒரே வார்த்தை போதும். இங்கிலீஷில் "ஐ கோ" வேறு, "ஐ ஆம் கோயிங்" வேறு. ஒரே நாளில் இரண்டையும் போர்டில் எழுதி, இது இந்தக் காலம், அது அந்தக் காலம் என்று பேர் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? ஒரு பையனை நடக்கச் சொல்லி, அவன் நடக்கின்றபோதே ஒன்றையும், அவன் தினம் செய்கின்ற வேலைகளைக் கேட்டு மற்றொன்றையும், வேறு வேறு நாளில் சொல்லிக்கொடுக்க முன்கூட்டியே தீர்மானிப்பதற்குத்தான் தயாரிப்பு என்று பேர்.

இன்னும் "எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்" என்பதை அப்படியே திருப்பினால் இங்கிலீஷாகாது. "மேஜை மேல்" என்று நாம் பொருளைச் சொன்னபிறகு இடத்தைச் சொல்லுகின்றோம். அவர்கள் இடத்தை முன்னால் சொல்லுகின்றார்கள். முதுகுக்கும், பைக்கும், மூட்டை கட்டுவதற்கும் இங்கிலீஷில் உள்ள மூன்று வார்த்தைகளையும் நம் எழுத்தில் "பேக்" என்றே எழுதுகின்றோம். ஆதலால் அவை மூன்றும் வேறு வேறு சப்தம் என்று காதுக்குக் காட்டாமல் கண்ணுக்கு மாத்திரம் காட்டினால், பிள்ளை ஆயுளுக்கும் ஒன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும். இவை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. தமிழும் தெரிந்து, இங்கிலீஷும் தெரிந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கின்ற எந்த உபாத்தியாயருக்கும் இது கிடைக்கும். லண்டனிலிருந்து வருகின்ற வாத்தியாருக்குத்தான் இது கிடைக்காது!

இதெல்லாம் நம் நாட்டில் ஒருவரும் யோசிக்காத விஷயமும் அல்ல. இன்றைக்கு நூறு வருஷத்துக்கு முன் டாக்கா நகரில் கல்வி வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் என்கின்ற ஆங்கிலேயர், 1926-ல் வெளியிட்ட தம் புத்தகத்தில் ஒரு கேள்வியைக் கிளப்பினார். இன்ஷ்யூரன்ஸ் பாலிசியை நடுவில் நிறுத்திவிட்டால், கட்டிய பணத்துக்குத் தக்கபடி ஏதோ ஒரு தொகை திரும்பக் கைக்கு வருகின்றதல்லவா? அதேபோல் படிப்பை நடுவில் நிறுத்துகின்ற பிள்ளை, அதுவரை படித்த இங்கிலீஷிலிருந்து கையில் எதைக் கொண்டுபோகின்றான் என்று அவர் கேட்டார். பெரும்பாலோர் நடுவில் நின்றுவிடுகின்ற நாட்டில், முடிவில் மாத்திரம் பலன் தருகின்ற பாடத்தைத் தயாரிப்பது அந்தப் பெரும்பாலோரை ஏமாற்றுவதாகாதா? ஆகையால்தான் அவர் வாசிக்கும் சக்தியை முன்னால் வைத்து, ஒரு பாடத்தில் வருகின்ற புது வார்த்தைகளைக் குறைத்து, வந்த வார்த்தை திரும்பத் திரும்ப வரும்படியாய் வாசக புத்தகங்கள் எழுதினார். எட்டாவதோடோ பத்தாவதோடோ நின்று வேலைக்குப் போகின்ற பிள்ளை நம் பக்கத்தில் இன்றும் இல்லாமற் போகவில்லை. அவனால் மருந்துச் சீட்டையும், உரமூட்டைமேல் எழுதியிருப்பதையும், வேலை ஒப்பந்தக் காகிதத்தையும் எழுத்துக்கூட்டியாவது படித்துக்கொள்ள முடிந்தால் அது அவனுக்குத் திரும்பக் கிடைத்த தொகை. பாட்டும் கட்டுரையும் உருப்போட்டவனுக்குக் கிடைக்கின்ற தொகை எவ்வளவு?

பிறகு 1959-ல் சென்னை ராஜ்யத்தில் ஒரு பெரிய காரியம் ஆரம்பிக்கப்பட்டது. பிரிட்டிஷ் கவுன்சிலின் ஒத்தாசையோடு, ஆரம்ப இங்கிலீஷ் கற்பிக்கின்ற சுமார் 27,000 உபாத்தியாயர்களுக்குப் புதுப் பயிற்சி கொடுப்பது என்று கிளம்பினார்கள். சிலருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி, இப்படிப் பெருகிக்கொண்டே போகும் என்பது திட்டம். அதற்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பேர் வைத்தார்கள். பனிப் பிரதேசத்தில் பந்து உருள உருளப் பெருக்கும் என்பது வாஸ்தவந்தான். சித்திரை வெய்யிலில் தார் ரோடு உருகுகின்ற நம் நாட்டுக்கு இந்தப் பேரைத் தேடிப் பிடித்தவர் யாரோ தெரியவில்லை! வாக்கிய அமைப்புக்களை வரிசைப்படுத்தி, பொருளைக் காட்டி, வாயால் பழக்குவது என்கின்ற அந்த முறையில் நல்ல அம்சங்கள் இருந்தன. ஆனால் ஒருவர் யோசித்ததை இன்னொருவர் கேட்டு, அவர் சொன்னதை மூன்றாமவர் எழுதி, அதை நாலாமவர் காப்பியடித்தால் கடைசிக் கிராமத்துக்குப் போய்ச் சேருவது முறையின் தோல்தானே ஒழிய சதை அல்ல.

அந்த முறையில் குறை கண்டவர்களில் ஒருவர் என். எஸ். பிரபு. அவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாய் வைத்துத் தென்னிந்தியாவில் சில சாதாரணப் பள்ளிக்கூடங்களில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர், சென்னை, தலைச்சேரி இவைகளோடு நமது கடலூரும் அதில் சேர்ந்திருந்தது. அப்போது விக்கிரவாண்டியும் கடலூரைத் தலைநகராய்க் கொண்ட தென்னாற்காடு ஜில்லாவில்தான் இருந்தது. விழுப்புரம் தனி ஜில்லாவானது 1993-ல். அதாவது, இது எங்கேயோ சீமையில் நடந்த சங்கதி அல்ல, நம் சொந்த ஜில்லாவில் நடந்த சங்கதி என்பதற்காகச் சொல்லுகின்றோம்.

பிரபு செய்தது என்ன? இலக்கணத்தை வரிசையாய்ப் போதிப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் மூளையைச் செலுத்தி விடை காணவேண்டிய ஒரு வேலையை இங்கிலீஷில் கொடுத்தார். ரயில் கால அட்டவணை, ஊர்ப்படம், காலண்டர், கடைக் கணக்கு இப்படி. முதலில் ஒன்றை உபாத்தியாயர் வகுப்பு முழுவதோடும் பேசிப் பேசிச் செய்து காட்டுவார். பிறகு அதேபோன்ற இன்னொன்றை ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்யவேண்டும். விடை சரியா என்பதற்குத்தான் மார்க்கு. பிள்ளையின் கவனம் விடைமேல் இருக்கும்போது பாஷை தானாகவே உள்ளே போகும் என்பது அவர் நம்பிக்கை. வேலை எவ்வளவு கடினமாய் இருக்கலாம் என்பதற்கும் ஒரு அளவு சொன்னார்: வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியாவது சரியாய்ச் செய்யும்படி இருக்கவேண்டும். இந்த அளவு தெரியவேண்டுமானால் உபாத்தியாயருக்குத் தன் வகுப்புப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கவேண்டும். எந்தக் கைடிலும் அது அச்சடித்திருக்காது. இந்தச் சோதனையைப் பரிசீலித்தவர்கள் இது பூரண வெற்றி என்று சொல்லவில்லை. ஓரளவு அனுகூலமாகவே சொன்னார்கள். நமக்கு அது போதும்.

இதை விக்கிரவாண்டிக்குக் கொண்டு வருவோம். திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம் என்று ஸ்டேஷன்கள் வரிசையாய் இருக்கின்றன. உபாத்தியாயர் ஸ்டேஷனுக்குப் போய், நிற்கின்ற வண்டிகளின் நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்து ஒரு பெரிய காகிதத்தில் எழுதி மாட்டட்டும். "உன் பாட்டிக்கு உடம்பு சரியில்லை, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குள் இருக்கவேண்டும், எந்த வண்டியில் ஏறுவாய்?" என்று இங்கிலீஷில் கேட்கட்டும். பிள்ளை "செகண்ட் டிரெயின்" என்று இரண்டு வார்த்தைதான் சொல்லும். சொல்லட்டுமே! அந்த இரண்டு வார்த்தையும் அவன் யோசித்துச் சொன்ன சொந்த வார்த்தை. ஏன் முதல் வண்டி வேண்டாம், மூன்றாவது வண்டியில் போனால் எத்தனை நிமிஷம் தாமதம் என்று அடுத்த கேள்வியும் அதற்கடுத்த கேள்வியும் வரட்டும்.

வெளிக்கு இது விளையாட்டுப்போல் இருக்கும். இதற்குப் பின்னால் உள்ள வேலையோ கொஞ்சமல்ல. எந்தக் கேள்வி முதலில், எது பின்னால் என்று வரிசைப்படுத்தவேண்டும். புறப்படுதல், சேருதல், முன், பின் என்கின்ற நாலு வார்த்தைகளுக்குமேல் புதிதாய் நுழையாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். "பத்து மணிக்கு முன்" என்று நாம் கடைசியில் வைப்பதை இங்கிலீஷில் முதலில் வைக்கவேண்டியிருப்பதால், பிள்ளை அங்கே தடுக்கும் என்று எதிர்பார்த்து அந்த வார்த்தையைத் தன் பேச்சில் ஏழெட்டுத் தடவை வரச்செய்யவேண்டும். கூட்டல் கழித்தல் வராத பிள்ளைக்கு இங்கிலீஷ் வராததுபோல் தோன்றிவிடாமல், கணக்கு இல்லாத கேள்வி இரண்டு கைவசம் இருக்கவேண்டும். இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதலாம். அந்தப் பக்கத்தில் ஐந்து அங்கம் இல்லாவிட்டால் எந்த அதிகாரியாவது கையெழுத்துப் போட மறுப்பாரேயானால், கோளாறு அந்தப் பக்கத்தில் இல்லை என்று தைரியமாய்ச் சொல்லுவோம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நாளைக்கு இந்த ரயில் பாடத்தையே அச்சடித்து, தமிழ்நாடு முழுவதும் அனுப்பி, ரயிலே போகாத ஊரிலும் பேரணி, மயிலம் என்று உருப்போட வைத்தால் அதுவும் மந்திரந்தான். இதைப் பிரபுவே 1990-ல் ஒரு கட்டுரையில் வெகு நன்றாய் எடுத்துச் சொன்னார். எந்த முறை எல்லாவற்றிலும் உயர்ந்தது என்கின்ற சண்டையே வீண். தான் செய்வது பிள்ளைக்கு எப்படிப் பிரயோஜனப்படுகின்றது என்று உபாத்தியாயருக்கே மனதில் ஒரு நியாயம் பட்டிருக்கின்றதா, அல்லது யந்திரம்போல் செய்கின்றாரா என்பதுதான் பார்க்கவேண்டியது என்பது அவருடைய முடிவு. யார் சொன்னாலும் உன் புத்தியைக்கொண்டு ஆராய்ந்து பார் என்று கேட்டுப் பழகிய நம் வாசகர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது.

இனி உபாத்தியாயர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். இரண்டு உபாத்தியாயர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கின்ற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. கணக்கெடுப்பு, தேர்தல் வேலை, ஆன்லைனில் புள்ளிவிவரம் ஏற்றுவது எல்லாம் அவர்கள் தலையிலேயே விழுகின்றன. பகலெல்லாம் பட்டியல் போட்டுவிட்டு ராத்திரி வந்து பாடத்தை யோசி என்றால் எந்த மனிதரால் முடியும்? அல்லாமலும், நல்ல இங்கிலீஷ் கேளாமலே படித்துப் பட்டம் வாங்கியவர்களை இங்கிலீஷ் கற்பிக்க அனுப்பிவிட்டு, அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் என்ன? 2022-ம் வருஷம் முதல் நடந்துவருகின்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் கீழ் வகுப்புகளுக்கு உபாத்தியாயர் கைப்புத்தகங்கள் கொடுக்கப்படுகின்றன. கைப்புத்தகம் வேண்டியதே. ஆனால் அது ஊன்றுகோலாய் இருக்கவேண்டும். கோலே நடந்துபோகும் என்று நினைத்து ஆள் உட்கார்ந்துவிடக் கூடாது.

தனியார் நர்சரிப் பள்ளிக்கூடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடன் வாங்கிப் பணம் கட்டுகின்ற பெற்றோர்களுக்கு அங்கே முதலில் காட்டப்படுவது கழுத்துப்பட்டை. வைகாசி வெய்யிலில் அதைக் கட்டிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நிற்கின்ற குழந்தை, மழையைப் பார்த்துப் 'போய்விடு' என்று சொல்லுகின்ற சீமைப் பாட்டைக் கை ஆட்டிப் பாடுகின்றது. மழை பெய்து பெய்து சலித்த தேசத்தார் அப்படிப் பாடினால் அர்த்தமுண்டு. மல்லாட்டை போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்ற தகப்பனார் கைதட்டிக் கேட்கின்றாரே, அவருக்கு அர்த்தம் தெரிந்தால் என்ன சொல்லுவார்?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். விக்கிரவாண்டி வட்டாரத்து இங்கிலீஷ் உபாத்தியாயர்களும் உபாத்தியாயினிகளும் மாதம் ஒரு சனிக்கிழமை ஓரிடத்தில் கூடி, ஆளுக்கு ஒரு பாடம் கொண்டுவந்து வைக்கட்டும். நடந்து ஜெயித்த பாடத்தைவிட, நடத்திப் பார்த்துத் தோற்றுப்போன பாடத்தை அதிகமாய்ப் பேசட்டும். அதற்குச் சம்பளத்தோடு கூடிய நேரத்தைச் சர்க்கார் கொடுக்கட்டும். ஐந்து அங்கத்துக்குப் பதிலாய், பிள்ளைகள் போன வாரம் எங்கே தடுக்கினார்கள் என்கின்ற ஒரே தலைப்பில் குறிப்பு எழுத அனுமதிக்கட்டும்.

பெற்றோர்களுக்கும் வேலை இருக்கின்றது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஏற்பட்டிருக்கின்ற பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பேர் பெற்றோர்களாய் இருக்கவேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போய்ச் சுற்றுச்சுவரைப் பற்றியும் குழாயைப் பற்றியும் மாத்திரம் பேசிவிட்டுத் திரும்பிவிடாமல், "எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் எந்த இடம் வரவில்லை, அதற்காக வருகிற வாரம் என்ன தயார் செய்திருக்கிறீர்கள், அதற்கு உங்களுக்கு என்ன ஒத்தாசை வேண்டும்?" என்று உபாத்தியாயரை மரியாதையாய்க் கேட்கட்டும். இப்படிக் கேட்பதற்குக் கேட்கின்றவருக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை.